எதற்கென்று தெரியாத சாவிகள்

என் அப்பாவும் தம்பியும் ஒரே இரவில், ஒரே காரில், மழையில் வழுக்கிய ஒரு வளைவில் இறந்துபோனார்கள். இந்த வாக்கியத்தை அழாமல் எழுதி முடிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஆனால் அவர்கள் போன பிறகு நாங்கள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது 23-ஆம் நாளிலேயே நடந்துவிட்டது. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை என்பது வெகுகாலம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அந்த உறுத்தலைப் பற்றியும் அது எப்படித் தணிந்தது என்பதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

வீட்டில் மிஞ்சியவர்கள் நான்கு பேர்: அம்மா, தம்பியின் மனைவி, அவர்களுடைய ஆறு வயது மகள், நான். முதல் மூன்று வாரங்களில் யார் வந்தார்கள், யார் சமைத்தார்கள், நான் எப்போது உறங்கினேன் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. விபத்து நடந்த இடத்திலிருந்து எடுத்துவந்து எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. அதற்குள் அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. தம்பியின் கைபேசியோ திரை முழுவதும் விரிசல் விட்டிருந்தது. மறுநாள் விடியற்காலை 5.10-க்கு அந்தக் கைபேசி அலறியது. விரிசல்களுக்கு நடுவே ‘இன்றாவது’ என்ற ஒரே ஒரு சொல் ஒளிர்ந்தது. தினமும் ஓடப் போக வேண்டும் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் தம்பி வைத்துக்கொண்ட அலாரம் அது. அதற்கு அவன் ஒருநாள்கூட எழுந்ததில்லை. வீட்டில் மற்ற எல்லோரும் எழுந்திருக்கிறோம். அதை ஒரேயடியாக நிறுத்திவிட எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. அவன் மனைவி ஒவ்வோர் இரவும் மறக்காமல் அந்தக் கைபேசிக்குச் சார்ஜ் போட்டு வைத்தாள்.

23-ஆம் நாள் நடந்தது இதுதான். ஏதோ ஓர் ஆவணம் தேவைப்பட்டதால் அப்பாவின் பீரோவைத் திறந்தோம். அப்பா எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டுகிற மனிதர். ‘மின்கட்டண ரசீதுகள் – பழையவை’ என்று ஓர் உறை இருந்தது. அதற்கு அடியில் ‘மின்கட்டண ரசீதுகள் – மிகப் பழையவை’ என்று இன்னோர் உறை. ‘நல்ல கயிறு’ என்று ஒரு பொட்டலம், ‘அவ்வளவு நல்லதல்லாத கயிறு’ என்று அதைவிடப் பெரிய பொட்டலம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு தகர டப்பா இருந்தது. அதில் 19 சாவிகள். மூடியின் உட்புறத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: “எதற்கென்று தெரியாத சாவிகள். யாரும் தூக்கி எறிய வேண்டாம். ஒருநாள் தெரியவரும்.”

நான் அதை உரக்கப் படித்தேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா, “38 வருடங்களாக இந்த மனிதர் எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்” என்றார். சொல்லும்போதே அவருடைய உதடு கோணியது. அழப்போகிறார் என்று நினைத்து நான் கையை நீட்டினேன், அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு தம்பியின் மனைவியைத் தொற்றியது, பிறகு என்னையும் தொற்றியது. மூச்சு வாங்கும் அளவுக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய மூவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். சத்தம் கேட்டு ஓடிவந்த குழந்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இது அழுகையா, சிரிப்பா?” என்று கேட்டாள். அவள் மிகவும் பொறுப்பாகக் கேட்டாள், ஏனென்றால் அழுகையாக இருந்தால் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியம் எனக்கே பிடிக்காதது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். இழவு விழுந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய அச்சம் வேறு ஒன்று இருந்தது. இவ்வளவு விரைவில் சிரிக்க முடிகிறதென்றால் நான் அவர்களை நேசித்ததன் ஆழம் அவ்வளவுதானா? அன்றிரவு உறக்கம் வரவில்லை. இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தம்பியிடம் மன்னிப்புக் கேட்பது கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது, ஏனென்றால் அவன் உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

குழந்தையின் கேள்விக்கு விடை எனக்கு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன தொல்காப்பிய நூற்பா ஒன்று உறக்கமற்ற அந்த நாள்களில் தானாக நினைவுக்கு வந்தது: “நகையே அழுகை இளிவரல் மருட்கை.” உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதை எட்டாகப் பகுத்த தொல்காப்பியர், முதலில் நகையையும் அதற்கு அடுத்ததாக அழுகையையும் வைத்திருக்கிறார். இரண்டும் ஒட்டிப் பிறந்தவைபோல நிற்கின்றன. மகிழ்ச்சி என்று நாம் சொல்லும் உவகையோ அந்தப் பட்டியலின் கடைசியில், எட்டாவதாக வருகிறது. சிரிப்பும் மகிழ்ச்சியும் ஒன்றுதான் என்று அவர் கருதியிருந்தால் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

நூலை எடுத்து மெய்ப்பாட்டியலை மீண்டும் படித்தேன். அழுகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களாக இளிவு (இகழப்படுதல்), இழவு, அசைவு (தளர்ச்சி), வறுமை ஆகியவற்றை அவர் சொல்கிறார். இரண்டாவதாக நிற்கும் இழவுக்கு, தந்தை தாய் முதலான சுற்றத்தாரை இழத்தல் என்று உரை சொல்கிறார்கள். நகை பிறக்கும் நான்கு இடங்கள் எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (மடமை). உவகையைச் சொல்லும்போது “அல்லல் நீத்த உவகை” என்று ஓர் அடைமொழி சேர்க்கிறார். துன்பம் நீங்கியிருந்தால்தான் உவகை. நகைக்கு அப்படிப்பட்ட நிபந்தனை எதையும் அவர் விதிக்கவில்லை. இதை ஓர் இலக்கண ஆசிரியரின் தற்செயலான சொல்லாட்சி என்று தமிழறிஞர்கள் என்னைத் திருத்தலாம், திருத்தட்டும். அந்த இரவில் எனக்கு அது ஒரு நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்புபோல இருந்தது. அல்லல் நீங்காமலேயே நகைக்கலாம். 23-ஆம் நாள் நாங்கள் மகிழ்ச்சியடைந்துவிடவில்லை, சிரித்தோம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் குறள் ஒன்றைப் பற்றி ஒரு சிறு முறையீடும் எனக்கு இருக்கிறது. “இடுக்கண் வருங்கால் நகுக” என்ற குறளை அந்த மாதங்களில் எத்தனை பேர் எங்களுக்குச் சொன்னார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. குறளில் குறை எதுவும் இல்லை. துன்பத்துக்குள் நிற்பவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது வீரம். வெளியே பத்திரமாக நிற்பவர் அவருக்கு எடுத்துச் சொன்னால் அது கட்டளையாகிவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் அந்தக் குறளை முழுமையாகச் சொல்லிவிட்டு, உடனே தாங்கமுடியாமல் விம்மி அழத் தொடங்கினார். அவரைத் தேற்றி, முகம் கழுவ வைத்து, வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தது அம்மாதான். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய அம்மா, “நல்லவேளை, நாம் வீட்டில் இருந்தோம், இல்லாவிட்டால் பாவம், யார் அவருக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள்?” என்றார்.

துக்கத்தின் ஐந்து நிலைகளைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பு ஒன்றையும் பலர் அனுப்பினார்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. நான் அதைப் பேருந்து நிறுத்தங்களின் பட்டியலைப்போலப் படித்து, எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். ஒரு நாள் காலையில் கோபத்தில் இருந்தேன், மதியம் ஏற்புக்குப் போய்விட்டேன், மாலையில் மறுப்புக்குத் திரும்பிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்து நிலைகளை எழுதியபோது அவர் பேசியிருந்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். தம் மரணத்தை எதிர்கொள்பவரின் மனநிலைக்கு வரையப்பட்ட வரைபடத்தை, பிறருடைய மரணத்துக்குப் பின் உயிரோடு எஞ்சியவர்களின் கையில் உலகம் கொடுத்துவிட்டது. அவரே பிற்காலத்தில் இழப்புக்கும் அதை விரித்து எழுதினார் என்றாலும், அந்த ஐந்தில் சிரிப்புக்கு ஒரு நிறுத்தமும் இல்லாததால் நான் அந்தப் பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அடுத்த சிரிப்பு தொலைபேசி வழியாக வந்தது. அப்பாவின் பெயரில் இருந்த ஒரு கணக்கை மூடுவதற்காக நாங்கள் ஓர் அலுவலகத்துக்கு இறப்புச் சான்றிதழை இரண்டு முறை அனுப்பியிருந்தோம். மூன்றாம் மாதம் அங்கிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். விதிமுறைப்படி, கணக்கு வைத்திருப்பவர் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் மூட முடியும் என்று மிகுந்த பணிவோடு சொன்னார். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சரி தம்பி. அவர் அங்கே வந்தால் முதலில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரிடம் கேட்பதற்கு எனக்கும் சில கேள்விகள் இருக்கின்றன” என்றார். மறுமுனையில் நீண்ட அமைதி நிலவியது. அந்த இளைஞர் பாவம், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், “குறித்துக்கொள்கிறேன், அம்மா” என்றார்.

அன்று நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் 1927-இல் நகைச்சுவையைப் பற்றி எழுதிய ஒரு சிறு கட்டுரையில், திங்கட்கிழமை தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லப்படும் கைதி ஒருவன், “இந்த வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது” என்று சொல்வதை எடுத்துக்காட்டுகிறார். உலகம் எவ்வளவு அடித்தாலும் எனக்கு வலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று மனம் முரண்டு பிடிக்கிற செயலாக அவர் அதை விளக்குகிறார். பயந்துபோன குழந்தையிடம் பெற்றோர் ஒருவர் குனிந்து, “இந்த உலகம் பார்ப்பதற்குத்தான் இவ்வளவு ஆபத்தாகத் தெரிகிறது, இது சிரித்து விளையாடத் தக்கதுதான்” என்று சொல்வதைப்போல, மனத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம் பேசுகிறது என்கிறார். ஃபிராய்டின் பல கருத்துகள் இன்று செல்லுபடியாவதில்லை. இந்த ஒன்றை நான் கண்ணால் கண்டேன். தொலைபேசியைக் கையில் வைத்திருந்த அம்மாவின் முகத்தில், பயந்த பெண் ஒருத்தியும் அவளைத் தேற்றுகிற ஒருத்தியும் ஒரே நேரத்தில் இருந்தார்கள்.

இதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், வாழ்க்கைத் துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆனவர்களை இறந்தவரைப் பற்றிப் பேசவைத்துப் படம்பிடித்து, அவர்களுடைய முகத்தசைகளின் அசைவுகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். சிரிப்பில் இரண்டு வகை உண்டு. மரியாதைக்குச் சிரிக்கும்போது உதடு மட்டும் விரியும். உண்மையாகச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியிருக்கும் தசையும் சுருங்கும். இந்த வேறுபாட்டை 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் துஷேனின் பெயரையே அந்த உண்மைச் சிரிப்புக்கு வைத்திருக்கிறார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது கண்ணும் சேர்ந்து சிரித்தவர்களிடம் கோபமும் மனவேதனையும் குறைவாகவும், மற்றவர்களோடு உள்ள உறவு மேலானதாகவும் இருந்ததாக அந்த ஆய்வு சொல்கிறது. சிரித்ததால் வேதனை குறைந்ததா, வேதனை குறைந்தவர்களால் சிரிக்க முடிந்ததா என்ற கேள்வி என்னுள் இன்னும் இருக்கிறது. ஆனாலும் அவ்வளவு விரைவில் சிரித்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர் என்று தெரிந்துகொண்டதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இதுவரை எழுதியதைப் படித்தால் எங்கள் வீட்டில் எந்நேரமும் வேடிக்கைப் பேச்சு நடந்துகொண்டிருந்ததாகத் தோன்றலாம். அப்படி இல்லை. ஒரு முறை நான் சொன்ன நகைச்சுவை எங்கள் வீட்டையே இரண்டு துண்டாக்கியது. தம்பி எதற்கும் நேரத்துக்கு வராதவன். தன் திருமணத்துக்கே கடைசியாக வந்து சேர்ந்தவன் அவன்தான் என்று அப்பா கேலி செய்வார். அவனுடைய பிறந்தநாளன்று அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “எல்லாவற்றுக்கும் தாமதமாக வருகிறவன் இதற்கு மட்டும் முந்திக்கொண்டான்” என்று நான் சொன்னேன். அம்மா புன்னகைத்தார். தம்பியின் மனைவி எழுந்து உள்ளே போனாள். மூன்று வாரங்களுக்கு அவள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

மூன்று வாரங்களுக்குப் பிறகு, நள்ளிரவில், இருட்டிலேயே நின்றுகொண்டு அவள் என்னிடம் சொன்னாள்: “அக்கா, அன்றைக்கு ஏன் இவ்வளவு தாமதம், சீக்கிரம் வாருங்கள் என்று அவருக்குப் போன் செய்து அவசரப்படுத்தியது நான்தான்.” ஓராண்டாக அவள் அதை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தாள். மழையும் வளைவும்தான் காரணம், போன் அழைப்பு காரணமன்று என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன்; அவள் அதை எவ்வளவு நம்பினாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. ஒன்று மட்டும் அப்போது எனக்கு உறைத்தது. இறந்துபோன ஒருவனை வைத்து ஒரு நகைச்சுவை சொல்லும் முன், அந்த அறையிலேயே மிக அதிகமாக இழந்தவர் யாரோ அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். நான் என் தம்பியை இழந்தேன் என்ற உரிமையில் பேசினேன். அவள் இழந்தது வேறொருவனை.

நெதர்லாந்தில் உள்ள உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் ஆகிய இருவரும் 1999-இல் முன்வைத்த ஒரு கருத்து அந்த நாள்களை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது. துயரப்படுகிறவர் இரண்டு திசைகளுக்கு நடுவே ஊசலாடுகிறார் என்பது அவர்களுடைய பார்வை: ஒரு நேரம் இழப்பை நோக்கித் திரும்பி அதிலேயே இருப்பார்; இன்னொரு நேரம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரசீது கட்டுவது, வேலைக்குப் போவது, புதிய பொறுப்புகளைக் கற்றுக்கொள்வது என்று வாழ்வின் பக்கம் திரும்பிவிடுவார். இந்த ஊசலாட்டமே ஆரோக்கியமானது; இரண்டில் ஒன்றிலேயே உறைந்துவிடுவதுதான் சிக்கல். அதைப் படித்தபோது எங்கள் வீட்டில் நான்கு ஊசல்கள் இருப்பது எனக்குப் புலப்பட்டது. நான்கும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போக வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். நான் வாழ்வின் பக்கம் போன நேரத்தில் அவள் இழப்பின் பக்கம் போய்க்கொண்டிருந்தாள், நடுவழியில் மோதிக்கொண்டோம்.

சிரிப்பு மருந்தாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏழாம் மாதத்திலும் எனக்கு உறக்கம் திரும்பவில்லை, வேலையில் ஒரு வரியை நான்கு முறை படித்தும் மனத்தில் நிற்கவில்லை. அதனால் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போனேன், போனது நல்லதாயிற்று. தீராத ஏக்கம் அன்றாட வாழ்வையே முடக்கும் அளவுக்கு நீண்டுகொண்டே போனால் அதை ‘நீடித்த துயரக் கோளாறு’ என்று இன்று மருத்துவம் தனியாக அடையாளம் காண்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதங்கள் என்று வரையறுக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட கையேடு வயது வந்தவர்களுக்கு 12 மாதங்கள் என்கிறது. இதை நான் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னபோது அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் அமெரிக்காவுக்குப் போய்விட்டால் எனக்கு இன்னும் ஐந்து மாதம் அவகாசம் கிடைக்குமா?” என்றார். ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். அவருடைய கண்ணைச் சுற்றியிருந்த தசை சுருங்கியதை நான் கவனித்தேன்.

நம்பிக்கையைப் பற்றி எழுதத்தான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்தச் சொல்லை எங்களிடம் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் அதைப் பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்தார்கள்: காலம் ஆற்றும், எல்லாம் நன்மைக்கே, இதற்குப் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கும். எதுவும் எங்கள் வாயில் இறங்கவில்லை. உண்மையில் நம்பிக்கை எங்கள் வீட்டுக்குள் வந்தது ஓர் இலக்கண மாற்றமாகத்தான். முதல் ஓராண்டு முழுவதும் நாங்கள் இறந்தகாலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். இருந்தார், சொன்னான், பிடித்திருந்தது. எதிர்கால வினைமுற்றை முதலில் பயன்படுத்தியவள் குழந்தை.

அவளுக்கு ஏழு வயது முடிந்த பிறகு ஒருநாள், வீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். “அத்தை, அப்பாவுக்கு இனிமேல் வயது ஏறாதுதானே? எப்போதும் 34 தானே?” ஆமாம் என்றேன். “அப்படியென்றால் எனக்கு 35 ஆகும்போது நான் அப்பாவைவிடப் பெரியவள் ஆகிவிடுவேனா?” யோசித்துவிட்டு, கணக்குப்படி அப்படித்தான் என்றேன். “அப்போது நான் சொல்வதை அப்பா கேட்க வேண்டுமா?” இந்தக் கேள்விக்கு எந்த நூலிலும் விடை கிடையாது. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன். அவள் திருப்தியோடு பென்சிலை எடுத்துக்கொண்டாள். “முதலில் அவரைக் காலையில் எழுந்து ஓடச் சொல்வேன்.”

28 ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கப்போகும் ஒன்றைப் பற்றி அந்தக் குழந்தை அவ்வளவு உறுதியாகப் பேசியது என்னை உலுக்கியது. தொல்காப்பியர் சொன்ன நகையின் நான்கு இடங்களில் இளமை ஒன்று என்று முன்பே எழுதினேன்; அப்பாவின் சாவி டப்பா பேதைமை, அந்த அலுவலகம் எள்ளல். மடனுக்கு என் தம்பியையும் அவன் அலாரத்தையும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பக்குடுக்கை நன்கணியார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று உண்டு, 194-ஆவது. ஒரு வீட்டில் சாவின் பறை ஒலிக்க, இன்னொரு வீட்டில் மணமுழவு முழங்குகிறது. ஒருத்தி பூ அணிகிறாள், இன்னொருத்தியின் கண்களில் நீர் வழிகிறது. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனைப் “பண்பிலாளன்” என்று நேரடியாகத் திட்டிவிட்டு, “இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்பு உணர்ந்தோரே” என்று முடிக்கிறார். முன்பு அந்தக் கடைசி அடியை அறிவுரை என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன். இப்போது எனக்கு அந்தத் திட்டுதான் முதலில் காதில் விழுகிறது. உலகம் கொடியது என்று ஒப்புக்கொண்டு, அதைப் படைத்தவனிடம் கோபத்தைக் காட்டிவிட்டுத்தான் அவர் இனியதைக் காணச் சொல்கிறார். கோபப்படவே கூடாது என்று சொன்னவர்களின் ஆறுதல் எங்களிடம் எடுபடாததற்கும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் கவிஞரின் குரல் எடுபட்டதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சாவிகளின் கதை இன்னும் முடியவில்லை. தகர டப்பாவைக் குழந்தை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். விடுமுறை நாள்களில் 19 சாவிகளையும் எடுத்துக்கொண்டு வீட்டில் பூட்டு என்று எது இருந்தாலும் போட்டுப் பார்ப்பாள். பொருந்தாத சாவிகளைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பாள். சீட்டு எழுதும் பழக்கம் இரத்தத்தில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டின் முடிவில், பரணில் கிடந்த ஒரு பழைய சூட்கேஸின் பூட்டில் ஒரு சாவி திரும்பியது. அவள் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடினோம். அம்மாவின் கைகள் நடுங்கின. தாத்தா நமக்காக எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று குழந்தை சொன்னாள். நான் அதை நம்பவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். மூடியைத் திறந்தோம். உள்ளே ஒரே ஒரு பித்தளைப் பூட்டு இருந்தது, பூட்டிய நிலையில். அதில் நூலால் ஒரு சீட்டைக் கட்டியிருந்தார்: “நல்ல பூட்டு. சாவி காணவில்லை.”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையா சிரிப்பா என்று இந்த முறை குழந்தை கேட்கவில்லை. அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த 18 சாவிகளையும் அந்தப் பூட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் சேரவில்லை. பூட்டையும் அதே டப்பாவுக்குள் வைத்து, அப்பாவின் சீட்டுக்குக் கீழே, “தேடிக்கொண்டிருக்கிறோம்” என்று அவள் எழுதி வைத்தாள்.

தம்பியின் கைபேசி சென்ற ஆண்டு பேட்டரி உப்பி ஒரேயடியாக நின்றுவிட்டது. இரண்டு நாள்கள் வீடு விடியற்காலையில் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் நாங்கள் நால்வரும் 5.10-க்குத் தானாகவே விழித்துக்கொண்டு படுத்திருந்தோம் என்பது பிறகு பேசும்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் அலாரம் மீண்டும் அடித்தது. தம்பியின் மனைவி அதைத் தன் கைபேசியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதே நேரம், அதே சொல். இனிமேல் தினமும் நடக்கப் போகப்போவதாக அறிவித்தாள். புதிதாக ஒரு ஜோடி ஷூவும் வாங்கினாள். ஏழு மாதங்கள் ஆகின்றன. ஷூ இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. காலை 5.10-க்கு அலாரம் அடிக்கிறது, அவள் கையை நீட்டி அதை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறாள், பக்கத்து அறையிலிருந்து அம்மா உரத்த குரலில், “இன்றாவது எழுந்திரு, அவனுக்குத் தப்பாமல் வாய்த்திருக்கிறாய்” என்கிறார்.